டர்போ காருக்குக் கோல்ட் ஏர் இன்டேக் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலோ ஜிடி டிஎஸ்ஐ, விர்ட்டஸ், டைகுன், ஐ20 என் லைன் என்று சிறிய டர்போ (எஞ்சினின் புகை சுழற்ற, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பெட்ரோல் கார்கள் நம் சாலைகளில் பெருகிய பிறகு, கார் ஆர்வலர்கள் முதலில் வாங்க நினைக்கும் பாகங்களில் ஒன்று கோல்ட் ஏர் இன்டேக். பானட்டைத் திறந்தால் பளிச்சென்று தெரியும், பொருத்த அதிக நேரம் ஆகாது, எஞ்சினின் ஓசையும் மாறும். கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் டர்போ காருக்கு இது அநேகமாகத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதற்கான காரணங்களும், தேவைப்படும் இடங்கள் எவை என்பதும் கீழே.

கோல்ட் ஏர் இன்டேக் என்றால் என்ன?

எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் கம்பெனி வைத்திருக்கும் ஃபில்டர் பெட்டி, குழாய் இரண்டையும் கழற்றிவிட்டு, அகலமான குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும் பொருத்துவது. எஞ்சின் அறையின் சூட்டிலிருந்து விலகி, பம்பருக்குப் பின்னாலோ சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உள்பக்கத்திலோ ஃபில்டர் இருந்தால்தான் அது உண்மையில் கோல்ட் ஏர் இன்டேக். எஞ்சின் பக்கத்திலேயே திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டரையும் கடைகளில் இதே பெயரில் விற்கிறார்கள். அது குடிப்பது சூடான காற்றை.

கம்பெனி பொருத்தியது சூடான காற்றையா எடுக்கிறது?

இல்லை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உங்கள் காரின் பானட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டியிலிருந்து கிளம்பும் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு மேலே, முன் கிரில்லை ஒட்டி, வெளிக்காற்றை நேராக வாங்கும் இடத்தில் முடியும். கார் நகரத் தொடங்கிவிட்டால் உள்ளே போவது ஏறக்குறைய வெளியில் இருக்கும் அதே வெப்பநிலையுள்ள காற்று. உங்கள் காரில் கோல்ட் ஏர் இன்டேக் ஏற்கெனவே இருக்கிறது என்றே சொல்லலாம். அதைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் வைப்பவர், நெரிசலில் நிற்கும்போது குளிர்ந்த காற்றைக் கொடுத்துச் சூடான காற்றை வாங்குகிறார்.

டர்போ இல்லாத காரில் பலன் தெரிகிறதே, டர்போவில் ஏன் தெரியாது?

டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றின் அழுத்தத்தை நம்பியே மூச்சு விடுகிறது. 55 டிகிரி காற்றுக்குப் பதில் 35 டிகிரி காற்று கிடைத்தால் அடர்த்தி 6 சதவீதத்துக்கும் சற்று மேல் கூடும். அந்த ஆதாயத்தின் பெரும்பகுதி நேராக சிலிண்டருக்குப் போய்ச் சேரும்.

டர்போ எஞ்சினில் ஃபில்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் காற்றை அழுத்திச் சூடாக்கும் கம்ப்ரஸர். மற்றவர் அந்தச் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலர். கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். வெளியே 35 டிகிரி, பூஸ்ட் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்) 1 பார், அதாவது கிட்டத்தட்ட வளிமண்டல அழுத்தத்தின் அளவு, கம்ப்ரஸரின் செயல்திறன் 70 சதவீதம், இன்டர்கூலர் தனக்கு வரும் கூடுதல் சூட்டில் 75 சதவீதத்தை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸருக்குள் 35 டிகிரியில் நுழையும் காற்று சுமார் 131 டிகிரியில் வெளியே வரும். இன்டர்கூலரைக் கடந்ததும் 59 டிகிரிக்கு இறங்கும். அதே காற்று 55 டிகிரியில் நுழைந்தால் கம்ப்ரஸரைவிட்டு 158 டிகிரியில் வெளிவரும்; இன்டர்கூலருக்குப் பிறகு 66 டிகிரி. நுழைவாயிலில் இருந்த 20 டிகிரி வித்தியாசம் சிலிண்டர் வாசலில் 7 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. அடர்த்தியில் அது 2 சதவீதம்.

அந்த 2 சதவீதமும் திறந்த ஃபில்டருக்கும் வெளிக்காற்று எடுக்கும் ஃபில்டருக்கும் உள்ள வித்தியாசம். கம்பெனிப் பெட்டியே வெளிக்காற்றை எடுப்பதால், அதை விலை உயர்ந்த கிட்டோடு ஒப்பிட்டால் மிச்சமிருப்பது இன்னும் குறைவு.

டர்போ காரில் சூட்டோடு நடக்கும் போராட்டம் கம்ப்ரஸருக்குப் பின்னால்தான் நடக்கிறது. 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று. கார்களில் இன்டர்கூலர் இல்லாத அந்தக் காலத்தில், எஞ்சின் நாக்கிங் (சூட்டாலும் அழுத்தத்தாலும் எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடித்துத் தட்டுவது) ஆகாமல் இருக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளிக்க வேண்டியிருந்தது.

சூட்டை விடுங்கள். தடை குறைந்த ஃபில்டர் கூடுதல் காற்றை உள்ளே விடாதா?

விடும். ஆனால் எவ்வளவு காற்று வேண்டும் என்று முடிவு செய்வது ஃபில்டர் அல்ல, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

நீங்கள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது நவீன இசியு அதை "இவ்வளவு டார்க் (சுழற்று விசை) வேண்டும்" என்ற கோரிக்கையாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பூஸ்ட் தேவை என்று கணக்கிடுகிறது. அழுத்த சென்சார் காட்டும் அளவை இலக்கோடு ஒப்பிட்டபடியே, டர்போவைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியை வேறு வழியில் விடும் வால்வான வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் மூடும் அல்லது திறக்கும். ஃபில்டரில் தடை அதிகமானால் வேஸ்ட்கேட் இன்னும் சற்று மூடிக்கொள்ளும், டர்போ கூடுதல் வேகத்தில் சுழலும், இலக்கு எட்டப்படும். தடை குறைந்தால் வேஸ்ட்கேட் சற்றுத் திறந்துகொள்ளும், டர்போ கொஞ்சம் நிதானமாகச் சுழலும், எட்டப்படுவதோ அதே இலக்கு. இரண்டு நிலையிலும் சிலிண்டருக்குப் போகும் காற்றின் அளவு ஏறத்தாழ ஒன்றே. இலக்குக்கு மேல் காற்று வந்துவிட்டால் எஞ்சின் வாசலில் உள்ள காற்று மடலான த்ராட்டிலை லேசாக மூடி அதையும் இசியு சரிக்கட்டிவிடும்.

கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வில் குப்பை அடைத்தால் மோட்டார் திணறும், தண்ணீர் குறையும் என்பது உண்மைதான். டர்போவின் உறிஞ்சு பக்கத்திலும் அதே இயற்பியல்தான். கேள்வி, உங்கள் காரில் அப்படி ஏதாவது அடைத்திருக்கிறதா என்பதே. சுத்தமான கம்பெனி ஃபில்டர் முழு வேகத்தில் 0.03 பார் தடை கொடுக்கிறது, புது கிட் 0.01 பார் மட்டுமே கொடுக்கிறது என்று வையுங்கள். 1 பார் பூஸ்டைக் காப்பாற்ற கம்ப்ரஸரின் அழுத்த விகிதம் (வெளிவரும் அழுத்தத்தை நுழையும் அழுத்தத்தால் வகுத்தது) சுமார் 2.01இலிருந்து 2.05 ஆக உயர வேண்டும், அவ்வளவுதான். அதனால் கூடும் சூடு கம்ப்ரஸரைவிட்டு வெளிவரும் இடத்தில் 3 டிகிரி; இன்டர்கூலருக்குப் பிறகு 1 டிகிரிகூட இல்லை.

அப்படியானால் யாருக்குமே பயன்படாதா?

பயன்படும் இடங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்றுதான்: டர்போ தன் எல்லையைத் தொட்டிருக்க வேண்டும். வேஸ்ட்கேட் முழுவதும் மூடியும் இலக்கு பூஸ்ட் எட்டவில்லை என்றால், அங்கே உறிஞ்சு பக்கத்தில் குறையும் ஒவ்வொரு தடையும் நேராகக் காற்றாக மாறும்.

ரீமேப் செய்து (இசியுவின் மென்பொருளை மாற்றியமைத்து) கணிசமாக சக்தியை ஏற்றிய கார், பெரிய டர்போ மாற்றிய கார் ஆகியவை இந்த வகை. 150 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 100 லிட்டர் காற்றைக் குடிக்கும். கம்பெனிப் பெட்டியின் அளவை அந்தத் தேவைக்குச் சற்று இடம் விட்டுத்தான் வடிவமைத்திருப்பார்கள். அதே எஞ்சினை 220, 250 என்று ஏற்றினால் அந்த இடைவெளி தீர்ந்துபோகும், குழாயில் காற்றின் வேகத்தோடு தடையும் கிடுகிடுவென ஏறும். வேகம் இரட்டிப்பானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், கம்பெனி அளவில் பொருட்படுத்தத் தேவையில்லாத ஃபில்டர் அங்கே உண்மையான தொல்லையாகிவிடுகிறது. அப்படி ஏற்றிய காருக்கு நல்ல இன்டேக் வைப்பது சரியான முடிவு, அதற்கேற்ற ரீமேப்போடு வைத்தால்.

இன்னொரு இடம் மலை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 0.78 பார். சென்னையில் 2.0 அழுத்த விகிதத்தில் கிடைத்ததை ஊட்டியில் பெற 2.6 தேவை. டர்போ எல்லைக்கு அருகில் போய்விடுகிறது; அங்கே ஃபில்டர் அழுக்காக இருந்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் இதற்குத் தீர்வு புது கம்பெனி ஃபில்டர். மேட்டுப்பாளையத்துக்கு முன்பே மாற்றிவிட்டு ஏறலாம்.

விளம்பரத்தில் டைனோ வரைபடம் போட்டிருக்கிறார்களே, அதுவும் பொய்யா?

பொய் என்று சொல்லமாட்டேன். எப்படி எடுத்தது என்று கேட்பேன். சக்கரங்களை உருளையின் மேல் சுழலவிட்டு சக்தியை அளக்கும் கருவிதான் டைனோ; அதில் கார் நகர்வதில்லை. பானட் திறந்திருக்கும், பெரிய விசிறி முன்னால் நின்று ஊதும். திறந்த கூம்பு ஃபில்டருக்கு இதைவிட வசதியான சூழல் வேறில்லை. கிண்டி மேம்பாலத்துக்குக் கீழே மே மாத மதியம் நிற்கும் காருக்கு அந்தச் சூழல் ஒருபோதும் வராது. அடுத்து, ஒரே காரை எதையும் மாற்றாமல் அடுத்தடுத்து ஓட்டினாலே 1, 2 சதவீத வித்தியாசம் வரும். 115 குதிரைத்திறன் காரில் அது 2 குதிரைத்திறன். மூன்றாவது, பல டைனோக்கள் அன்றைய வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப ஒரு திருத்தக் காரணியைப் பெருக்குகின்றன. வெளிக்காற்றை நம்பும் எஞ்சினுக்காக உருவான திருத்தம் அது. பூஸ்டைத் தானே சரிசெய்துகொள்ளும் டர்போ எஞ்சினுக்கு அதை அப்படியே போட்டால் இல்லாத சக்தி இருப்பதாகத் தெரியும்.

ஒரே நாள், ஒரே கார், பானட் மூடிய நிலை, கம்பெனி ஃபில்டர் புதிது, ஒவ்வொரு அமைப்பிலும் பல ஓட்டங்கள், காற்று வெப்பநிலைப் பதிவு: இவ்வளவும் இருந்தால் அந்த வரைபடத்தை மதிக்கலாம்.

பொருத்திய நாளிலிருந்து வண்டி பறக்கிறது என்று நண்பர் சொல்கிறாரே?

அவர் கேட்பது ஓசை. கம்பெனிப் பெட்டியின் கனமும் அதோடு இணைந்த ஒலித்தடுப்பு அறையும் டர்போவின் இயல்பான ஓசையை அடக்கிவைத்திருக்கும். அவற்றைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் சீறல், ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் திரும்பும் காற்றின் "புஸ்" எல்லாம் காதுக்கு வந்துவிடும். காது வேகத்தை உணர்வதில் பெரும் பங்கு வகிக்கிறது. அந்த ஓசை பிடித்திருக்கிறது, அதற்காகவே வாங்குகிறேன் என்பது முழுக்க நியாயமான காரணம். காரை ரசிப்பவர்களுக்கு ஓசையும் முக்கியம்தான். சக்திக்காக என்று நினைத்து வாங்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

எஞ்சினுக்குக் கெடுதல் ஏதும் உண்டா?

உண்டு, இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சில கார்களில் ஃபில்டருக்கு அடுத்து எம்ஏஎஃப் என்ற காற்றளவு சென்சார் இருக்கும். சூடான ஒரு நுண்ணிய கம்பியையோ தகட்டையோ காற்று குளிர்விப்பதை வைத்து அது அளக்கிறது. குழாயின் ஒரு புள்ளியில் காற்று போகும் விதத்தை அளந்து, குழாய் இவ்வளவு அகலம் என்ற நம்பிக்கையில் மொத்தக் காற்றையும் இசியு கணக்கிடுகிறது. 70 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 76 மில்லிமீட்டர் குழாயில் அந்த சென்சாரைப் பொருத்தினால், குழாயின் பரப்பு 18 சதவீதம் கூடிவிடுகிறது. உண்மையில் போகும் காற்றைவிடக் குறைவாகவே போகிறது என்று இசியு நம்பும். ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோல் அளவை ஓரளவு திருத்திவிடும். ஆனால் சுமை குறைவு என்று நினைத்து பற்றவைப்பை முன்கூட்டியே நிகழ்த்தும்; பூஸ்ட் உள்ள எஞ்சினில் அது நாக்கிங்குக்கு அழைப்பு. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்ற எம்ஏஎஃப் கார்களை மாற்றியமைப்பவர்கள் இன்டேக்கையும் ரீமேப்பையும் பிரிக்க முடியாத ஒரே வேலையாகப் பார்ப்பது இதனால்தான். எம்ஏஎஃப் இல்லாமல் அழுத்த சென்சாரை நம்பும் கார்களில் இந்தச் சிக்கல் எழாது. உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் கிட் வாங்காதீர்கள்.

அடுத்தது தூசி. சிறிய டர்போக்களின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும். அலுமினியத்தில் செய்த மெல்லிய இறக்கைகள். அந்த வேகத்தில் மணல் துகள் பட்டால் விளிம்பு தேயும். தப்பிப் போகும் நுண்தூசி சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையத்தையும் அராவும். காற்று எளிதாகப் போகும் ஃபில்டர் பொதுவாகத் தூசியையும் எளிதாக விடும். பருத்தித் துணி ஃபில்டர்களில் எண்ணெய் பூசுவது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். கழுவியபின் எண்ணெயை அளவுக்கு மேல் பூசினால் அது காற்றோடு போய் எம்ஏஎஃப் சென்சாரில் படியும். குறைவாகப் பூசினால் தூசி உள்ளே போகும். கட்டுமான வேலை ஓயாத சாலைகளிலும் செம்மண் கிராமப் பாதைகளிலும் ஓடும் காருக்கு, மடிப்பு மடிப்பான சாதாரணக் காகித ஃபில்டரைவிடப் பாதுகாப்பானது வேறில்லை என்பதே என் நிலை. ஃபில்டர்களை ஐஎஸ்ஓ 5011 என்ற முறைப்படி சோதிப்பார்கள். அந்தச் சோதனை முடிவை வெளியிடாத கிட்டைத் தொடவே வேண்டாம்.

எஞ்சினின் உள்ளே உருவாகும் எண்ணெய் ஆவி, கம்பெனி அமைப்பில் டர்போவுக்கு முந்தைய குழாயில் வந்து சேர்ந்து எரிந்துபோகும். புதுக் குழாயில் அந்த இணைப்புக்கு இடமில்லாமல் வெளியே திறந்துவிடும் கிட்டுகளும் இருக்கின்றன. காருக்குள் எண்ணெய் வாடை, சாலையில் மாசு, இரண்டும் மிச்சம்.

மழைக்காலத்தில் என்ன ஆகும்?

பம்பருக்குக் கீழே இறக்கி வைத்த ஃபில்டர் நம் ஊர் மழைக்கு ஆகாது. எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தேங்கிய நீரில் ஓட்டியதால் எஞ்சினை இழந்தவர்களில், காற்றுக் குழாய் உயரத்தில் இருந்த கம்பெனி அமைப்பையே வைத்திருந்தவர்களும் உண்டு. அதைக் கீழே இறக்கி வைப்பது ஆபத்தை நாமே அழைப்பது. சாதாரணக் காப்பீட்டில் இந்த வகை எஞ்சின் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தாலும் காரில் அறிவிக்காத மாற்றம் இருந்தால் வாதாட வேண்டியிருக்கும்.

டீசல் டர்போவுக்கு?

வேண்டாம். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேற்பட்ட காற்றோடுதான் ஓடுகிறது. சக்தியை முடிவு செய்வது உள்ளே போகும் டீசலின் அளவு. அதை மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டிப் பயனில்லை.

சட்டமும் வாரன்டியும் என்ன சொல்கின்றன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே அந்தப் பிரிவு குறிப்பிடுவதால், கம்பெனிப் பெட்டிக்குள் வேறு ஃபில்டர் வைப்பது அதற்குள் வராது. முழு கிட்டும் ரீமேப்பும் சேர்ந்தால் நிலைமை அவ்வளவு எளிதல்ல. வாரன்டி உள்ள காரில் டர்போ பழுதானால், சர்வீஸ் சென்டர் முதலில் பார்ப்பது பானட்டுக்கு அடியில் புதிதாகத் தெரியும் பொருளைத்தான்.

அந்தப் பணத்தை வேறு எதில் போடலாம்?

முதலில் செலவே இல்லாத வேலை: டர்போவிலிருந்து த்ராட்டில் வரை உள்ள குழாய்களையும் கிளாம்ப்புகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே சிறு கசிவு இருந்தால் எந்த இன்டேக்காலும் ஈடுகட்ட முடியாத இழப்பு. ஸ்பார்க் பிளக்கை உரிய காலத்தில் மாற்றுங்கள். பூஸ்டில் தேய்ந்த பிளக் திணறும். கார் கையேடு கூடுதல் ஆக்டேன் (நாக்கிங்கை எதிர்க்கும் திறன்) உள்ள பெட்ரோலை அனுமதித்தால், எக்ஸ்பி95 போன்றவற்றை வெயில் காலத்தில் தொடர்ந்து போட்டுப் பாருங்கள். நாக்கிங்கைத் தவிர்க்க இசியு பின்னுக்குத் தள்ளிய பற்றவைப்பு மீண்டும் முன்னுக்கு வர இடம் கிடைக்கும்.

காற்றால் குளிரும் இன்டர்கூலராக இருந்தால் அதன் தகடுகளில் படிந்த சேற்றையும் பூச்சிகளையும் மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள். விர்ட்டஸ், டைகுனில் உள்ள 1.0 டிஎஸ்ஐ போன்ற எஞ்சின்களில் இன்டர்கூலர் தண்ணீரால் குளிர்வது. அதற்குரிய கூலன்ட் அளவும் சிறிய மின் பம்பும் சரியாக இருக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகும் சக்தி போதவில்லை என்றால், நம்பகமானவரிடம் செய்யும் நிதானமான ரீமேப்தான் டர்போ காரில் உண்மையான வித்தியாசம் தருவது. காற்றை நிர்ணயிப்பது இசியு என்பதால், மாற்ற வேண்டிய இடமும் அதுவே. அதற்கு அடுத்தது பெரிய இன்டர்கூலர். இன்டேக் மூன்றாவது.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும், சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஓபிடி ரீடரும் கைபேசியும் போதும். நான்கு அளவுகளைப் பதிவு செய்யுங்கள்: உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, இலக்கு பூஸ்ட், உண்மையான பூஸ்ட், நீண்டகால எரிபொருள் திருத்தம் (இசியு பெட்ரோல் அளவைத் தொடர்ந்து எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது என்பது). இலக்கு பூஸ்ட்டைச் சில எளிய ரீடர்கள் காட்டாது. உங்கள் காரின் தயாரிப்பாளருக்கு உரிய செயலியைத் தேடிக்கொள்ளுங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டிப் பார்க்கப் பொதுச் சாலை இடமல்ல. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. பொதுமக்களுக்கு அனுமதி உள்ள நாளில் போங்கள், அல்லது டைனோ உள்ள பட்டறையில் நேரம் எடுங்கள். அன்றே கம்பெனிப் பெட்டியையும் கையோடு எடுத்துச் சென்று மாற்றி மாற்றிப் பொருத்திப் பாருங்கள்.

கம்பெனிப் பெட்டியிலேயே உண்மையான பூஸ்ட் இலக்கை எட்டிவிடுகிறது என்றால் கிட்டால் கூட்ட எதுவும் இல்லை. உயர் ஆர்பிஎம்மில் எட்டாமல் நின்று, கிட் வைத்ததும் எட்டினால் அது உங்கள் காருக்கு வேலை செய்கிறது. எரிபொருள் திருத்தம் 10 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் ரீமேப் செய்யும் வரை கிட்டைக் கழற்றிவையுங்கள். எந்த முடிவு வந்தாலும் கம்பெனிப் பெட்டியை விற்றுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதைத் திரும்பப் பொருத்தும் தேவை வரும்.